நல்லவர் ஒருவர் வந்தால் போதுமா? – ரோமப் பேரரசர் மஜோரியனின் நான்கு ஆண்டுகள்

(நமது குடியிருப்பின் மூத்த குடிமக்கள் ஞாயிறு சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதச் சந்திப்பில் வரலாற்றிலிருந்து ஏதாவது பேசும்படி செயலாளர் சொன்னார். நான் வரலாறு படித்தவன் அல்ல. பி.காம். முடித்து, வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, கவுன்ட்டரிலும் லெட்ஜரிலுமாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் வரலாற்றுப் புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் கணக்குப்பிள்ளையின் கண்ணோடுதான் படிக்க வருகிறது. ஒரு ராஜா எத்தனை போரில் ஜெயித்தார் என்பதைவிட, கஜானாவில் எவ்வளவு இருந்தது, யார் வசூலித்தார்கள், எந்த இடத்தில் ஒழுகியது என்றுதான் மனம் தேடுகிறது. அந்தக் கண்ணோடு பார்த்தபோது எனக்குப் பிடித்துப்போன ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன்.

அவர் பெயர் மஜோரியன். மேற்கு ரோமப் பேரரசின் கடைசிக் காலத்துப் பேரரசர்களில் ஒருவர். 457 முதல் 461 வரை, சுமார் நான்கே ஆண்டுகள் ஆண்டார். ஜூலியஸ் சீசர், நீரோ என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். இவரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஆனால் ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஆங்கிலேய வரலாற்றாசிரியர் எட்வர்ட் கிப்பன், அந்தக் காலத்துப் பேரரசர்களில் பலரைக் கிண்டல் செய்துவிட்டு, இவரிடம் வந்தபோது மட்டும் மனமாரப் பாராட்டுகிறார்.

முதலில் அவர் பொறுப்பேற்றபோது நிலைமை எப்படி இருந்தது என்று பார்த்துவிடுவோம். நம் பாஷையில் சொன்னால், ஆரம்ப இருப்பு என்ன?

ரோமப் பேரரசு அப்போது கிழக்கு, மேற்கு என்று இரண்டாக இயங்கிக்கொண்டிருந்தது. கிழக்கின் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிள், இன்றைய இஸ்தான்புல். அது ஓரளவு வசதியாக இருந்தது. மேற்குதான் தள்ளாடியது. 439இல் வாண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தவர், கெய்சரிக் என்ற மன்னர் தலைமையில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரைப் பிடித்தார்கள். ரோம் நகரத்துக்குத் தானியமும் அரசுக்கு நல்ல வரி வருமானமும் அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தன. மாதா மாதம் வாடகை வரும் கட்டடத்தைப் பறிகொடுத்த குடும்பம் எப்படி இருக்கும்? அப்படி ஆயிற்று மேற்குப் பேரரசு. வருமானம் குறைந்தது, படைக்குச் சம்பளம் கொடுக்க முடியவில்லை. படை மெலிந்தது, மேலும் நிலம் போயிற்று. நிலம் போனதும் வருமானம் இன்னும் குறைந்தது.

போதாக்குறைக்கு அரண்மனைக்குள்ளேயே வெட்டுக்குத்து. 454இல் பேரரசர் மூன்றாம் வாலன்டினியன் தன்னுடைய மிகத் திறமையான தளபதி ஏட்டியஸைத் தன் கையாலேயே கொன்றார். அடுத்த ஆண்டு மார்ச்சில் அவரே கொல்லப்பட்டார். அவருக்குப் பின் வந்தவர் சில வாரங்களில் போனார். 455 ஜூனில் கெய்சரிக் கப்பலில் வந்து இறங்கி, ரோம் நகரத்தைப் பதினான்கு நாட்கள் சாவகாசமாகக் கொள்ளையடித்துச் சென்றார். அடுத்து வந்த அவிட்டஸும் நிலைக்கவில்லை. ரிசிமர், மஜோரியன் என்ற இரண்டு தளபதிகள் சேர்ந்து 456இல் அவரை இறக்கினார்கள்.

இந்த ரிசிமரைக் கவனித்துக்கொள்ளுங்கள். நம் கதையில் அவருக்கும் பெரிய பங்கு உண்டு. ஜெர்மானிய அரச வம்சத்தில் பிறந்தவர், கிறிஸ்தவத்தில் ஆரியப் பிரிவைச் சேர்ந்தவர். அப்படிப்பட்டவரைப் பேரரசராக ரோமானியர்கள் ஏற்கமாட்டார்கள். ஆகவே நாற்காலியில் உட்கார முடியாது, ஆனால் யார் உட்கார வேண்டும் என்று முடிவு செய்யும் படைபலம் அவரிடம் இருந்தது. அவர் தேர்ந்தெடுத்த ஆள்தான், கூடவே நின்று சண்டை போட்ட மஜோரியன்.

மஜோரியனின் தாத்தா முதலாம் தியோடோசியஸ் காலத்துப் படைத்தளபதி. எனக்குப் பிடித்த விஷயம் அவருடைய அப்பா: தளபதி ஏட்டியஸின் கணக்கு வழக்குகளைக் கவனித்த அதிகாரி. அதாவது நம்ம ஆள்! தாத்தாவிடமிருந்து வாளும் அப்பாவிடமிருந்து லெட்ஜரும் வந்த பேரரசர் என்று நான் நினைத்துக்கொள்வேன். இரண்டையும் அவர் பயன்படுத்தினார்.

457 ஏப்ரலில் படைவீரர்கள் அவரைப் பேரரசராக அறிவித்தார்கள். 458 ஜனவரியில் ரோம் செனட் சபைக்கு அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நீங்கள் தேர்ந்தெடுத்ததால் வந்தேன், பொய்ப் புகார் சொல்பவர்களுக்கு இனி இடமில்லை என்று அதில் உறுதி சொல்கிறார். கூடவே ஒரு வரி: படை விஷயங்களை நானும் என் தந்தை போன்ற ரிசிமரும் சேர்ந்து கவனித்துக்கொள்வோம் என்ற பொருளில் எழுதுகிறார். வங்கியில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். ஜாயின்ட் அக்கவுன்ட். அதுவும் 'ஐதர் ஆர் சர்வைவர்' வகை. இருவரில் யார் வேண்டுமானாலும் இயக்கலாம், கடைசியில் உயிரோடு இருப்பவருக்கே முழுக் கணக்கும். அது அப்படியே நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

458இல் ஒரே ஆண்டில் அவர் வரிசையாகப் போட்ட சட்டங்கள்தான் என்னை இவரிடம் இழுத்தன.

முதலாவது, வரி பாக்கித் தள்ளுபடி. பல ஆண்டு நிலுவை மக்கள் தலைமேல் இருந்தது. மஜோரியன் பழைய நிலுவைகளை ரத்து செய்தார். இதைக் கேட்டதும் நம்மில் சிலர், "தள்ளுபடி செய்தால் ஒழுங்காகக் கட்டியவன் முட்டாளா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் வாராக்கடன் பட்டியல்களோடு மாரடித்தவன்தான். ஆனால் வசூலாகவே போகாத ஒரு பாக்கி ஏட்டில் நின்றுகொண்டே இருந்தால் என்ன ஆகும்? அரசுக்கு அதில் ஒரு காசும் வராது. வசூலுக்குப் போகிறவனுக்குத்தான் வரும். "பழைய பாக்கி இருக்கிறது, தெரியுமில்லையா?" என்று மிரட்டிக் கைக்காசு வாங்கிக்கொண்டே இருப்பான். கட்டுகிறவன் அவனுக்குக் கொடுத்துக் களைத்து, இந்த ஆண்டு வரியையும் கட்டமாட்டான். பழையதைத் தள்ளிவிட்டு நடப்பு வரியை ஒழுங்காக வாங்குவதே புத்திசாலித்தனம் என்று அவர் கணக்குப் போட்டார். கூடவே, மத்தியிலிருந்து கும்பலாக வந்து இறங்கும் வசூல் அதிகாரிகளிடமிருந்து வேலையைப் பிடுங்கி, அந்தந்த மாகாண ஆளுநரிடம் ஒப்படைத்தார்.

இரண்டாவது, நாணயம். அன்றைய பொற்காசுக்குச் சாலிடஸ் என்று பெயர். ஒரு ரோமானிய ராத்தல் தங்கத்தில் 72 காசு. ஒன்று சுமார் நாலரை கிராம். வசூல்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், சரியான எடையுள்ள காசைக்கூட ஏதாவது நொட்டை சொல்லித் திருப்பினார்கள். முழு எடையுள்ள சாலிடஸை எவரும் மறுக்கக்கூடாது என்று மஜோரியன் சட்டம் போட்டார். தங்கத்தின் தரம் குறைந்த ஒரு வகைக் காசுக்கு மட்டும் விலக்கு. பத்து ரூபாய் நாணயத்தை இங்கே கடைக்காரர் வாங்க மாட்டேன் என்று சொல்வதும், அது செல்லும் என்று ரிசர்வ் வங்கி அறிக்கை விடுவதும் நமக்கு நினைவுக்கு வரவில்லையா? 1,500 ஆண்டுகளுக்கு முன்பும் இதே தகராறுதான். ரோமானிய நாணயம் நமக்கு அந்நியமானதும் அல்ல. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் எத்தனையோ ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன.

மூன்றாவது, நகர மன்ற உறுப்பினர்களின் கஷ்டம். அந்தக் காலத்தில் ஊர்ப் பெரியவர்களை மன்றத்தில் உட்காரவைத்து, ஊரின் வரி முழுவதற்கும் அவர்களையே பொறுப்பாக்கியிருந்தார்கள். பத்துப் பேர் கட்டவில்லை என்றால் அந்தத் தொகையை மன்ற உறுப்பினர் தன் சொத்திலிருந்து கட்ட வேண்டும். பதவியே தண்டனை! பலர் சொத்தை விட்டுவிட்டு ஊரைவிட்டே ஓடினார்கள். மஜோரியன் இவர்களை முதலில் ஊருக்குத் திரும்பி வரச் சொன்னார். பிறகு, வசூலான தொகைக்கு மட்டும் நீங்கள் கணக்குக் காட்டினால் போதும், கட்டாதவர்களின் பட்டியலைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள் என்றார்.

நம் பொருளாளர் சிரிப்பது தெரிகிறது. வசூல் கணக்கு ஒரு தாள், நிலுவைப் பட்டியல் ஒரு தாள். நம் மெயின்டனன்ஸ் கணக்கை அவர் வைப்பது போலத்தான். ஒருவர் கட்டாததைப் பொருளாளர் தன் பென்ஷனிலிருந்து கட்ட வேண்டும் என்று நாம் தீர்மானம் போட்டால், அடுத்த பொதுக்குழுவில் அந்தப் பதவிக்கு யார் கை தூக்குவார்கள்?

நான்காவதாக, ஒவ்வொரு நகரத்திலும் மக்களே கூடி, நேர்மையான ஒருவரைத் தங்கள் பாதுகாவலராகத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். பணக்காரர்களின் கொடுமையிலிருந்து ஏழைகளைக் காப்பதும், தவறு நடந்தால் பேரரசருக்கே தெரிவிப்பதும் அவர் வேலை.

ஐந்தாவதுதான் முக்கியமானது. 458 ஜூலை 11ஆம் தேதி, ரோம் நகரத்துப் பொதுக் கட்டடங்களைக் காப்பதற்கு ஒரு சட்டம் போட்டார்.

ரோம் நகரத்தின் பெரிய கட்டடங்களை எதிரிகள்தான் உடைத்தார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொள்ளையர்கள் எடுத்துப்போனது பொன்னும் வெள்ளியும் ஆட்களும். கல்லைப் பெயர்த்தவர்களில் ரோம் நகரத்துக் குடிமக்களே ஏராளம். ஒரு பொது வேலைக்குக் கல் தேவை என்று அதிகாரியிடம் மனுப் போடுவார்கள். அவரும் தயவுதாட்சண்யத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பழைய கோயிலோ மண்டபமோ இடிபடும். அதோடு நிற்காது. அவரவர் வீட்டுக்கும் அந்தக் கல்லே போகும். சின்ன ரிப்பேருக்காகப் பெரிய கட்டடத்தை அழிக்கிறார்களே என்று அந்தச் சட்டத்தில் மஜோரியன் வருத்தப்படுகிறார்.

இனி பழைய பொதுக் கட்டடங்களை எவரும் இடிக்கக்கூடாது. பழுது பார்க்கவே முடியாத நிலையில் ஒன்று இருந்தால், செனட் சபை ஆராய வேண்டும், பேரரசரின் முடிவைப் பெற வேண்டும். அப்படிப் பெயர்த்த பொருளும் வேறொரு பொதுக் கட்டடத்துக்கே போக வேண்டும். மீறி அனுமதி கொடுக்கும் அதிகாரிக்கு 50 ராத்தல் தங்கம் அபராதம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 16 கிலோவுக்கு மேல் வருகிறது. நம் சவரன் கணக்கில் 2,000 சவரனைத் தாண்டும்.

இந்த இடத்தில் ஒரு எழுத்தராக நான் முகம் சுளிக்கவும் வேண்டியிருக்கிறது. கையெழுத்துப் போட்ட அதிகாரிக்கு அபராதம். தடுக்காமல் அவர் உத்தரவை நிறைவேற்றிய கீழ்நிலை ஊழியர்களுக்கோ சவுக்கடி, அதன்மேல் கையை வெட்டுதல்! மேனேஜர் பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார், கிளார்க்குக்குக் கை போய்விடும். இன்னொரு சட்டம், நாற்பது வயதுக்குட்பட்ட பிள்ளையில்லாத விதவைகள் ஐந்து ஆண்டுக்குள் மறுமணம் செய்யாவிட்டால் பாதிச் சொத்தை இழக்க வேண்டும் என்றது. நாட்டில் ஜனத்தொகை வேண்டும் என்பதற்காகப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்காமல் போட்ட சட்டம். அவர் போன பிறகு அதை மாற்றிவிட்டார்கள். நல்ல அரசர் செய்ததெல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை.

சட்டம் போட்டுவிட்டுச் சும்மா உட்காரவும் இல்லை. 458ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் பனி கொட்டும் ஆல்ப்ஸ் மலையைப் படையோடு கடந்து இன்றைய பிரான்ஸ் பகுதிக்குப் போனார். அங்கே விசிகோத்துகளை வென்று, மீண்டும் பேரரசின் கூட்டாளிகளாக்கினார். எதிர்த்து நின்ற லியோன் நகரத்தையும் பணியவைத்தார். அங்கே சிடோனியஸ் என்ற கவிஞர். மஜோரியன் பதவியிலிருந்து இறக்கிய அவிட்டஸின் மருமகன் அவர். அவரே மஜோரியனைப் புகழ்ந்து கவிதை பாடி, எங்கள் ஊர் வரியைக் குறையுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு ஒரு விருந்தில், இந்தக் கவிஞர் கிண்டல் பாட்டு எழுதினார் என்று யாரோ புகார் சொல்ல, மஜோரியன் அதைச் சிரித்தே ஒதுக்கினார் என்று சிடோனியஸ் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். எதிராளியின் மருமகனையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடும் மனிதர்.

அடுத்த இலக்கு ஆப்பிரிக்கா. பறிபோன வருமானத்தை மீட்டால்தான் பேரரசு பிழைக்கும் என்று அவருக்குத் தெரியும். ஸ்பெயினின் கிழக்குக் கடற்கரையில் சுமார் 300 கப்பல்கள் தயாராயின. கெய்சரிக் பயந்து சமாதானத்துக்கு ஆள் அனுப்பினார். மஜோரியன் மறுத்தார். வந்தால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கக்கூடாது என்று கெய்சரிக் வழியிலிருந்த கிணறுகளில் விஷம் கலக்கச் சொன்னார். மஜோரியன் தலைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசி, தூதுவன் வேஷத்தில் எதிரியின் அரண்மனைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார் என்று ஒரு கதைகூட உண்டு. நம் ராஜா கதைகளில் வரும் மாறுவேஷம் போல. அது வெறும் கதைதான், ஆனால் அப்படி ஒரு கதை கட்டும் அளவுக்கு ஜனங்கள் அவரை நினைவில் வைத்திருந்தார்கள்.

460இல் அந்தக் கப்பல்கள் துறைமுகத்தைவிட்டுக் கிளம்பவே இல்லை. உள்ளிருந்தே சிலர் துப்புக் கொடுக்க, வாண்டல்கள் வந்து கப்பல்களைக் கைப்பற்றிவிட்டார்கள். மூன்று ஆண்டு உழைப்பு, சேர்த்த பணம் எல்லாம் ஒரே அடியில் போயிற்று. மஜோரியன் கெய்சரிக்கோடு சமாதானம் செய்துகொண்டு திரும்ப வேண்டியதாயிற்று.

திரும்பும் வழியில் படையைக் கலைத்துவிட்டு, சிறு காவலோடு இத்தாலிக்குள் வந்தார். ரிசிமர் காத்திருந்தார். 461 ஆகஸ்ட் தொடக்கத்தில் வட இத்தாலியின் டோர்டோனாவில் அவரைப் பிடித்து, அரச உடையைக் களைந்து, அடித்து, சில நாள் கழித்துத் தலையை வெட்டினார்கள். ஜாயின்ட் அக்கவுன்டில் உயிரோடு இருந்தவர் முழுக் கணக்கையும் எடுத்துக்கொண்டார். அடுத்து லிபியஸ் செவெரஸ் என்பவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தார் ரிசிமர்.

அதன் பிறகு நடந்தவை சீக்கிரம் சீக்கிரமாக நடந்தன. மஜோரியன் நியமித்த பிரான்ஸ் தளபதி புது ஆட்சியை ஏற்கவில்லை. அந்தப் பகுதி கைவிட்டுப் போயிற்று. 468இல் கிழக்கும் மேற்கும் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட கப்பல்களை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பின. அதையும் கெய்சரிக் எரித்தார். 476இல் ரோமுலஸ் என்ற சிறுவனைப் பதவியிலிருந்து இறக்கியதோடு மேற்கில் பேரரசர் என்ற பதவியே முடிந்தது. 455க்கும் 476க்கும் இடையில் 21 ஆண்டுகளில் ஒன்பது பேரரசர்கள்.

இனி நான் உங்களிடம் கேட்க வந்த கேள்விக்கு வருகிறேன். திறமை இருந்தது, நேர்மை இருந்தது, உழைப்பு இருந்தது. பிறகு ஏன் நிற்கவில்லை?

கப்பல் போனது துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். ரிசிமரின் துரோகம் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் அவர் சட்டங்களைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். வசூல்காரர்களின் மேல்வரும்படியில் கை வைத்தார். கட்டடக் கல்லை எடுத்துப் பழகியவர்களைத் தடுத்தார். கையெழுத்துப் போட்டே பழகிய அதிகாரிகளுக்கு அபராதம் போட்டார். இதில் நஷ்டப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் யார் என்று அவரவருக்குத் தெரியும். அவர்கள் சும்மா இருப்பார்களா? லாபமடைந்தவர்களோ சிதறிக் கிடந்த லட்சக்கணக்கான சாதாரண ஜனங்கள். பேரரசர் நல்லது செய்கிறார் என்று சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர் பிடிபட்டபோது அவர்களில் எத்தனை பேர் தெருவுக்கு வந்தார்கள்? வந்ததாக எந்தப் பதிவும் இல்லை. ஊர்கூடித் தேர் இழுக்க வேண்டிய வேலையை ஒருவரே இழுத்தார், நாம் கரையில் நின்று கைதட்டினோம் என்ற கதைதான்.

இதைக் கேட்டுவிட்டு "நம் அசோசியேஷனையும் ரோமையும் ஒப்பிடுகிறாரா?" என்று யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். நமக்கு 300 கப்பலும் இல்லை, ரிசிமரும் இல்லை. ஆனால் மொட்டை மாடிக் குழாயில் ஒரு இணைப்பு, பொது இடத்தில் ஒரு அலமாரி, பார்க்கிங்கில் ஒரு அடி கூடுதல் என்று ஆரம்பிப்பதும், "இது ஒன்றுதானே, விட்டுவிடுங்கள்" என்று கமிட்டியிடம் அனுமதி வாங்குவதும் நமக்குத் தெரியாததல்ல. ரோமிலும் ஒருவர் ஒரு கல்தான் எடுத்தார். நல்ல செயலாளர், நல்ல பொருளாளர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் பொதுக்குழுவுக்குக்கூட வருவதில்லை. விதியைச் சொல்லும் ஒருவர் நான்கு பேரிடம் பகைத்துக்கொண்டு தனியாக நிற்கும்போது, பக்கத்தில் போய், "அவர் சொல்வது சரிதான்" என்று ஒரு வார்த்தை சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்? அவ்வளவுதான் நான் கேட்பது.

மஜோரியனுக்குக் கிடைத்தது நான்கு ஆண்டுகள். அவர் காக்க நினைத்த கட்டடங்களில் பல பிற்காலத்தில் கல்லுக்காகவே இடிக்கப்பட்டன. ஆனால் அவர் எழுதிய சட்டங்களில் பல அழியாமல் இருக்கின்றன. ஒரு பேரரசு எங்கெங்கே ஒழுகியது என்று தெரிந்துகொள்ள நமக்குக் கிடைத்திருக்கும் நல்ல தணிக்கை அறிக்கை அவைதான்.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் தேதி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. பார்த்து வையுங்கள்.